நெட்டி முறித்தால் முதுகு நிமிருமா?

குழந்தையின் முகத்தை இரண்டு கைகளாலும் வழித்தெடுத்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி வைத்துப் பாட்டி நெட்டி முறிப்பாள். எத்தனை விரல் சடசடக்கிறதோ அத்தனை கண்ணேறு கழிந்தது என்பது கணக்கு. முடிவெட்டிய கையோடு கழுத்தைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பி ‘மடக்’ என்று சத்தம் எழுப்பும் சலூன்காரரையும் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும். அதே சத்தம் இப்போது கைப்பேசித் திரைக்கு வந்துவிட்டது. மெத்தை போட்ட மேசையில் ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். இன்னொருவர் அவர் முதுகில் இரு கைகளையும் ஊன்றி ஒரே அழுத்து. மளமளவென்று ஒலி. படுத்திருந்தவர் எழுந்து, பாரம் இறங்கிவிட்டதாகச் சிரிக்கிறார். கைரோபிராக்டிக் என்ற அந்தக் கைமுறைச் சிகிச்சையின் வீடியோக்களில் சில, வளைந்த முதுகெலும்பையே நேராக்கிவிட்டதாகச் சொல்கின்றன.

பள்ளிக்குப் போகும் மகளின் ஒரு தோள்பட்டை மேலேறி நிற்பதை அண்மையில்தான் கவனித்த பெற்றோர் அந்த வீடியோவை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அவ்வளவு சத்தம் வந்தால் உள்ளே ஏதோ ஒன்று நகர்ந்திருக்க வேண்டும் அல்லவா? நகர்ந்தது எது?

விரல் மூட்டிலிருந்தே தொடங்கலாம். மூட்டைச் சுற்றி இறுக்கமான ஓர் உறை இருக்கிறது. அதற்குள் எலும்பு முனைகள் உரசாமலிருக்க வழுவழுப்பான திரவம். அந்தத் திரவத்தில் வாயு கரைந்திருக்கிறது. 1947இல் லண்டனில் ஆய்வாளர்கள் இருவர் விரலை இழுத்துக்கொண்டே எக்ஸ்ரே எடுத்தபோது, சத்தம் வந்த கணத்தில் எலும்புகளுக்கு நடுவே ஓர் இடைவெளி தோன்றுவதைப் பார்த்தார்கள். 1971இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர், குமிழி உருவாகி உடைவதால்தான் ஒலி எழுகிறது என்றார்கள். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒருவரின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்து, நடப்பதைத் திரைப்படம்போல் பதிவு செய்தார்கள். எலும்பு முனைகள் பட்டென்று விலகும்போது திரவத்துக்குள் வாயுக் குழி ஒன்று திறந்துகொள்கிறது. எல்லாம் அரை நொடிக்கும் குறைவான நேரத்தில். சத்தத்துக்குப் பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. வாயு மீண்டும் கரையச் சுமார் 20 நிமிடம் ஆகும். அதனால்தான் ஒருமுறை சொடுக்கிய விரல் உடனே மறுபடி சொடுக்குவதில்லை.

முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் முள்ளெலும்புகளின் வரிசை. ஒவ்வொன்றின் பின்புறத்திலும், மேலும் கீழும் உள்ள எலும்போடு அதைச் சேர்க்கும் சிறு மூட்டுகள் உண்டு. மேசையில் கேட்பது அந்த மூட்டுகளின் நெட்டிதான். இடம் மாறிய எலும்பு தன் குழியில் போய் உட்கார்ந்ததற்கு அந்த ஒலி சாட்சியம் ஆகாது. தசை சற்றுத் தளர்வதும் கொஞ்ச நேரம் இதமாக இருப்பதும் உண்மை. ஆனால் வளைந்த முதுகெலும்பில் நடந்திருப்பது வேறு வகையான மாற்றம்.

கூன் என்பது முதுகு முன்னோக்கிக் குனிவது. ஸ்கோலியோசிஸ் என்கிற பக்கவளைவில் முதுகெலும்பு இடமாகவோ வலமாகவோ வளைகிறது. அதோடு நிற்பதுமில்லை. வளையும்போதே ஒவ்வொரு முள்ளெலும்பும் தன் அச்சில் திரும்பிக்கொள்கிறது. மார்புப் பகுதியில் விலா எலும்புகள் முள்ளெலும்புகளோடு சேர்ந்திருப்பதால் அவையும் திரும்புகின்றன. ஒரு பக்க விலாக்கூடு பின்னால் புடைக்கிறது. தோள்பட்டை எலும்பு துருத்துகிறது. பக்கவளைவு உள்ள பலருக்கு முள்ளெலும்பின் முன்பகுதி பின்பகுதியைவிட உயர்ந்து வளர்ந்திருப்பதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியிருக்கின்றன. நீளமான துணி ஒன்றையும் சற்றுக் குட்டையான துணி ஒன்றையும் விளிம்போடு விளிம்பாக இழுத்துத் தைத்தால், நீளமான பக்கம் போக இடமில்லாமல் தையலே முறுக்கிக்கொள்ளும். தையல் மெஷினில் உட்கார்ந்த எவருக்கும் இது தெரியும். முன்பக்க உயரத்துக்கு இடமில்லாத முதுகெலும்பும் அப்படித்தான் பக்கவாட்டில் ஒதுங்கித் திரும்புகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

இந்த முறுக்கை மருத்துவ உலகுக்குக் காட்டிக்கொடுத்தவர்களில் ஒருவர் இறந்துபோன ஓர் அறிஞர். இகுவானோடான் என்ற டைனோசரை உலகுக்கு அறிமுகப்படுத்திய கிடியன் மேன்டெல், 1841இல் குதிரைவண்டி விபத்துக்குள்ளாகி, அதன்பின் பல ஆண்டுகள் முதுகுவலியில் துடித்தார். இடுப்புக்கு அருகே ஒரு வீக்கம் தெரிந்தது. கட்டி என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். 1852இல் அவர் இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தபோது கட்டி எதுவும் இல்லை. வளைந்து திரும்பிய முள்ளெலும்புகளின் பக்கவாட்டு முனைகள்தான் தசையைத் தள்ளிக்கொண்டு புடைத்திருந்தன. இதை எழுதிய லண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் இன்னொன்றையும் கவனித்தார்: முதுகின் நடுக்கோட்டில் விரலுக்குத் தட்டுப்படும் முனைகள் ஏறத்தாழ நேராகவே இருக்க, உள்ளே எலும்பு வெகுவாகத் திரும்பியிருக்கலாம். அதாவது நிற்கவைத்துப் பார்த்தால் பிடிபடாத வளைவு உண்டு. பிள்ளையை முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து முதுகின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இன்றும் ஆடம்ஸ் பெயரில்தான் வழங்குகிறது. செலவில்லாத, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை அது.

வளைவு எவ்வளவு தூரம் ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஷேக்ஸ்பியர் அவரைக் கூனராக, கை சூம்பியவராக மேடையேற்றினார். 1485இல் போஸ்வொர்த் போர்க்களத்தில் தமது 32ஆம் வயதில் இறந்த அவருடைய எலும்புக்கூடு, 2012இல் லெஸ்டர் நகரின் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. எலும்புகளை அளந்து 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளியான கட்டுரைப்படி, அவருக்கு 65 முதல் 85 பாகை வரையிலான பக்கவளைவு இருந்திருக்கிறது. அது பத்து வயதுக்குப் பிறகு தொடங்கியது. கூன் இல்லை, கை சூம்பவில்லை, நொண்டியிருக்கவும் மாட்டார். வலது தோள் சற்று உயர்ந்திருக்கும். நல்ல தையற்காரரும் அளவெடுத்துச் செய்த கவசமும் போதும், அதை மறைத்துவிடலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். அவ்வளவு வளைவோடு அவர் கவசம் பூண்டு போரிட்டிருக்கிறார்.

பாகைக் கணக்கு 1948இல் நியூயார்க் மருத்துவர் ஜான் காப் தந்தது. எக்ஸ்ரே படத்தில் வளைவின் மேல்முனையில் அதிகம் சாய்ந்த முள்ளெலும்பையும் கீழ்முனையில் அதிகம் சாய்ந்ததையும் ஒட்டி இரண்டு கோடுகள் போட்டு, அவற்றுக்கு நடுவே உள்ள கோணத்தை அளப்பது. 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால்தான் பக்கவளைவு. வளரிளம் பருவத்தினரில் 100க்கு 2 அல்லது 3 பேரிடம் இது உண்டு. சிறு வளைவு ஆண், பெண் இருபாலரிடமும் காணப்பட்டாலும், 30 பாகையைத் தாண்டுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள்.

ஏன் வருகிறது? பத்தில் எட்டுப் பேருக்குத் திட்டவட்டமான காரணம் சொல்ல முடிவதில்லை. புத்தகப்பையையும் படுத்துக்கொண்டு படிப்பதையும் காரணமாகச் சொல்லிப் பிள்ளையைத் திட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. அந்தப் பழி ஆதாரமற்றது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு, தனித்தனிக் கருவில் பிறந்த இரட்டையருக்கு உள்ளதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எல்.பி.எக்ஸ்.1 என்ற மரபணுவுக்கு அருகே தொடர்பு ஒன்றைக் கண்டறிந்தார்கள். 2016இல் வரிக்குதிரை மீன்களில் நடந்த ஆய்வு, மூளைத் தண்டுவடத் திரவம் ஓட உதவும் நுண்ணிழைகள் பழுதானால் மீனின் முதுகு வளைவதையும், ஓட்டத்தைச் சீராக்கினால் வளைவு அதிகமாவது நிற்பதையும் காட்டியது. மனிதரில் எந்த அளவுக்கு இது பொருந்தும் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நிமிர்ந்து உட்காராததால் வந்த வினை இல்லை என்பது குற்றவுணர்வில் குமையும் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லத் தகுந்த செய்தி.

காரணம் தெரியாவிட்டாலும், வளைவு எப்போது கூடும் என்பது நன்றாகத் தெரியும்: உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில். உட்பக்கம் அமுங்கிய எலும்பு மெதுவாகவும் வெளிப்பக்கம் வேகமாகவும் வளர்வதால், வளைவே மேலும் வளைவை வளர்க்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பூப்பெய்துவதற்கு முந்தைய சில மாதங்களில் இந்த வேகம் உச்சத்தில் இருக்கும். எலும்பு எவ்வளவு முதிர்ந்தது என்பதை இடுப்பெலும்பின் மேல்விளிம்பை எக்ஸ்ரேயில் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். இதற்கு ரிஸ்ஸர் அளவு என்று பெயர். அமெரிக்காவில் 727 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 1984இல் வெளியான ஆய்வு இந்தத் துறைக்கே அடித்தளம். எலும்பு முதிராத பிள்ளைகளில், வளைவு 20 பாகைக்குக் குறைவாக இருந்தவர்களில் 22 சதவீதத்தினருக்கு அது கூடியது. 20 முதல் 29 பாகை வரை இருந்தவர்களில் 68 சதவீதத்தினருக்குக் கூடியது. எலும்பு முதிரத் தொடங்கியவர்களிடம் அந்த எண்கள் 1.6, 23 சதவீதமாகச் சரிந்தன.

கைரோபிராக்டிக் பற்றிய வாதம் முழுவதும் இந்த எண்களுக்குள் அடங்கியிருக்கிறது. 20 பாகைக்குக் குறைந்த வளைவுள்ள பிள்ளைகளில் 78 சதவீதத்தினருக்கு, எலும்பு முதிராத நிலையிலும்கூட, அது கூடுவதில்லை. அவர்களுக்கு எண்ணெய் தடவினாலும், முதுகைச் சொடுக்கினாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். எந்தச் சிகிச்சையும் வெற்றி பெற்றதுபோலத் தோன்ற இந்த ஒன்றே போதும்.

இந்தச் சிகிச்சை பிறந்தது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டாவன்போர்ட் ஊரில். காந்தச் சிகிச்சை செய்துவந்த டி.டி.பாமர், 1895 செப்டம்பரில், காது மந்தமான ஹார்வி லில்லர்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகில் துருத்திய எலும்பை அழுத்தியதாகவும் அவருக்குக் காது கேட்டதாகவும் சொன்னார். முள்ளெலும்பு சற்று இடம் பிசகி நரம்பை அமுக்குவதே நோய்களுக்கெல்லாம் மூலம் என்ற கோட்பாட்டை அதன்மேல் எழுப்பினார். அதே ஆண்டு நவம்பரில் ராண்ட்கன் ஜெர்மனியில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். உள்ளே இருக்கும் எலும்பைப் பார்க்க வழி பிறந்தும், பாமர் சொன்ன பிசகை யாராலும் நம்பகமாகக் காட்ட முடியவில்லை. இன்று பல கைரோபிராக்டர்களே அந்தக் கோட்பாட்டைக் கைவிட்டு, தசை, மூட்டு வலிக்கு மட்டும் சிகிச்சை தருகிறார்கள். அவர்களையும் முதுகை நேராக்குவதாக விளம்பரம் செய்கிறவர்களையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

பக்கவளைவுக்கு அவர்கள் செய்வது பலவகை: கையால் அழுத்திச் சொடுக்குதல், ஒரு காலணிக்குள் குதிகாலை உயர்த்தும் தட்டு, இழுவை, உடற்பயிற்சி. இவற்றைப் பரிசோதித்த ஆய்வுகள் மிகக் குறைவு. அவற்றில் கவனிக்கத்தக்க ஒன்றைச் செய்தவர்களும் கைரோபிராக்டிக் துறையினரே. சிறு வளைவுள்ள 42 பிள்ளைகளுக்கு ஓராண்டு முதுகெலும்பு முழுவதும் சொடுக்கிச் சிகிச்சை செய்து, குதிகால் தட்டும் கொடுத்து அளந்தார்கள். வளைவில் மாற்றமில்லை என்று 2001இல் தங்கள் துறை இதழிலேயே எழுதினார்கள். தமக்குப் பாதகமான முடிவை வெளியிட்ட அந்த நேர்மை மதிக்கத்தக்கது.

சில வாரங்களில் பத்துப் பாகை குறைந்ததாகக் காட்டும் எக்ஸ்ரே படங்கள்? ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே ஏறத்தாழ 5 பாகை வேறுபடும். காலையில் இருக்கும் வளைவு மாலைக்குள் சுமார் 5 பாகை கூடும். நின்று எடுத்த படத்தைவிடப் படுத்து எடுத்த படத்தில் சராசரியாக 9 பாகை குறைவாகத் தெரியும். ஆகவே சிகிச்சை முடிந்த கையோடு எடுத்த படத்துக்கு மதிப்பில்லை. உயரம் நின்ற பிறகு, ஒரே மாதிரி நிற்கவைத்து எடுத்த படமே பேசும்.

அடிக்கடி எக்ஸ்ரே எடுப்பதிலும் ஒரு விலை இருக்கிறது. 1912 முதல் 1965 வரை பக்கவளைவுக்காகப் படமெடுக்கப்பட்ட 5,573 அமெரிக்கப் பெண்களைப் பின்தொடர்ந்தபோது, சராசரியாக 25 படங்கள் எடுக்கப்பட்டிருந்த அவர்களிடையே மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள், பொதுமக்கள் கணக்கைவிடச் சுமார் 70 சதவீதம் அதிகம். இன்றைய கருவிகளில் கதிர் அளவு வெகுவாகக் குறைந்துவிட்டது. மார்பில் குறைவாகப் படும்படி முதுகுப் பக்கமிருந்து கதிரைச் செலுத்துகிறார்கள். அப்படியிருந்தும், ஒவ்வோர் அமர்வுக்கும் முன்னும் பின்னும் படம் கேட்கும் இடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியேறுவதே சரி.

நம்பிக்கை மட்டும் போதாது என்பதைப் பக்கவளைவு மருத்துவம் ஒருமுறை கண்டிருக்கிறது. 1970களிலும் 80களிலும் இரவில் முதுகுத் தசையில் மின்தூண்டல் கொடுக்கும் முறையைப் பலர் பெரிதாக நம்பினார்கள். 286 பெண் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 1995இல் வெளியான ஆய்வில், பிரேஸ் என்ற முதுகுக் கவசம் அணிந்தவர்களில் 74 சதவீதத்தினருக்கு வளைவு கட்டுக்குள் இருந்தது. மின்தூண்டல் பெற்றவர்களில் 33 சதவீதம். சும்மா கவனித்து வந்தவர்களில் 34 சதவீதம். மின்தூண்டல் வழக்கொழிந்தது.

பிரேஸ் என்பது உடம்புக்கு அச்செடுத்துச் செய்யும் பிளாஸ்டிக் கவசம். அது வளைவை நேராக்குவதற்கில்லை, வளர்ச்சி முடியும்வரை கூடாமல் பிடித்துவைப்பதற்கு. 25 முதல் 40, 45 பாகை வரை உள்ள, இன்னும் வளரும் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவமனைகளில், 242 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. கவசம் அணிந்தவர்களில் 72 சதவீதத்தினர் அறுவைச் சிகிச்சைக்குரிய 50 பாகையை எட்டாமலே வளர்ச்சியை முடித்தார்கள்; அணியாதவர்களில் 48 சதவீதம். வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். கவசத்துக்குள் உடல் வெப்பத்தைப் பதியும் சிறு கருவியை வைத்திருந்ததால், யார் எத்தனை மணி நேரம் அணிந்தார்கள் என்பதும் தெரிந்தது. தினம் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பலித்தது. அதே 48 சதவீதம் இன்னொன்றையும் சொல்கிறது: கவசமே தேவைப்பட்டிராத பிள்ளைகளும் கணிசம். அவர்கள் யார் என்று முன்கூட்டியே பிரித்தறியும் வழி இன்னும் கைவரவில்லை.

சென்னை வெயிலில் சீருடைக்குள் பிளாஸ்டிக் கவசம் அணிந்து பள்ளிக்குப் போவது பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு கொடுமை என்பதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஸ்வீடனில் 135 பிள்ளைகளிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வு இந்த இடத்தில் ஆறுதல் தருகிறது. இரவில் மட்டும் கவசம் அணிந்தவர்களில் 76 சதவீதத்தினருக்கு வளைவு பெரிதாகக் கூடவில்லை. வெறும் உடலியக்கம் மட்டும் செய்தவர்களில் 53 சதவீதம். பக்கவளைவுக்கென்றே வகுத்த பயிற்சி செய்தவர்கள் 58 சதவீதம்தான். அந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். இந்தப் பயிற்சிகளின் முன்னோடி, தாமே பக்கவளைவோடு வாழ்ந்த ஜெர்மானியப் பெண் கதரீனா ஷ்ரோத். 1920களில் மைசன் நகரில், அமுங்கிய விலாப்பக்கத்துக்குள் மூச்சை நிறைத்துப் பழகும் முறையைக் கற்பித்தார். பயிற்சியால் தசை வலுப்படும், தோற்றம் மேம்படும், பிள்ளைக்குத் தன் உடம்பின்மேல் ஒரு பிடி கிடைக்கும். கவசத்தோடு சேர்த்துச் செய்யலாம். கவசத்துக்குப் பதிலாகச் செய்யக்கூடாது.

கைக்குழந்தைகளிடம் வளர்ச்சியே மருந்தாகவும் மாறுகிறது. லண்டனில் பணியாற்றிய மின் மேத்தா என்ற பெண் மருத்துவர், நான்கு வயதுக்குட்பட்ட 136 குழந்தைகளுக்குப் படிப்படியாக மாற்றிக் கட்டிய மாவுக்கட்டுகளின் முடிவுகளை 2005இல் வெளியிட்டார். சீக்கிரம் கொண்டுவரப்பட்டவர்களில் மிகப் பலருக்கு வளைவு முழுக்க நீங்கிவிட்டது. தாமதமாக வந்தவர்களுக்குக் குறைந்ததே தவிர நீங்கவில்லை. இத்தனைக்கும் சிகிச்சை ஒன்றேதான், வேறுபட்டது வந்து சேர்ந்த காலம். சொடுக்குச் சிகிச்சையின் பெரிய ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது: 28 பாகையில் கவசம் அணிந்திருக்க வேண்டிய பிள்ளை, ‘இருபது அமர்வு முடியட்டும்’ என்று காத்திருந்து, 48 பாகையில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் முன்னால் வந்து நிற்பது.

சில பிள்ளைகளை அந்த மேசையில் படுக்கவைக்கவே கூடாது. இரவில் எழுப்பும் வலி, கால் மரத்துப்போதல், நடை தடுமாற்றம், சிறுநீர் கட்டுப்படாமை, மார்புப் பகுதியில் இடப்பக்கமாகப் புடைக்கும் வளைவு ஆகியவை இருந்தால் தண்டுவடத்துக்குள் நீர்க்குழியோ கட்டியோ இருக்கலாம், முதலில் எம்.ஆர்.ஐ. வேண்டும். உலோகக் கம்பி பொருத்தி முள்ளெலும்புகளை இணைத்த முதுகை அழுத்திச் சொடுக்குவதும் ஆபத்து.

அப்படியானால் கைரோபிராக்டருக்கு வேலையே இல்லையா? பெரியவர்களின் முதுகுவலியில் இருக்கிறது. சாதாரண இடுப்புவலிக்குக் கைமுறைச் சிகிச்சை, மற்றப் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு நிகரான மிதமான நிவாரணம் தருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அயோவாவிலேயே, சிகிச்சை எதுவும் பெறாத பக்கவளைவு நோயாளிகள் 117 பேரை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், நாள்பட்ட முதுகுவலி 61 சதவீதத்தினருக்கு இருந்தது. வளைவில்லாத ஒப்பீட்டுக் குழுவில் 35 சதவீதம். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் வேலை, திருமணம், குடும்பம் என்று மற்றவர்களைப் போலவே வாழ்ந்திருந்தார்கள். 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடி முடித்த உசேன் போல்ட்டுக்கும் பக்கவளைவு உண்டு. முதுகையும் இடுப்பையும் வலுவாக வைத்திருப்பதே தம்மைக் காப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.

பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கைரோபிராக்டர்கள் பதிவு செய்துகொண்டே தொழில் செய்ய முடியும். இந்தியாவில் இத்தொழிலுக்கெனத் தனிப் பதிவுக் கவுன்சில் இல்லை; பலகை மாட்டியவர் எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்பதை நோயாளிதான் கேட்டறிய வேண்டும். பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள் எலும்பு மருத்துவரிடம் முதலில் போய் மூன்று விவரங்களை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது: காப் கோணம் எத்தனை பாகை, ரிஸ்ஸர் அளவு எத்தனை, அடுத்த படம் எந்த மாதம். வளரும் பிள்ளைக்கு அந்த அடுத்த படம் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் இருக்கும். அதுவரை அவள் நீந்தலாம், ஓடலாம், பரதம் ஆடலாம். புத்தகப்பையையும் தூக்கிக்கொண்டு போகலாம்.